புற்றரை காத்த ரொம் மொறிஸ்

களனிவெளிப் புகையிரதத்திற் செல்வோர், பொரளைக்கு அப்பால் வண்டி பரந்த புற்றரையொன்றை ஊடறுத்து ஓடுவதைக் கண்டிருப்பர். அதுவே றோயல் கொழும்பு கொல்ப் கழகத்தின் திடல். 1879 இல் தோன்றிய அக்கழகத்தினர் முதலில் ஆடிய இடம் நமது காலிமுகத்திடலேயாம். சீமான்களின் பொழுதுபோக்கென நாம் ஒதுக்கிவிடும் இவ்வாட்டத்தையே சீவனோபாயமாகக் கொண்டு, அதற்கெனத் திடல்களும் வகுத்த தொழிலாளி ஒருவரின் வரலாறு அறியத்தக்கது.

ரொம் மொறிஸ் 1821 இல் ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் நகரில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அலன் றொபேட்சன் என்ற பந்து வினைஞரிடம் தொழில் பயின்றார். அக்காலப் பந்தென்பது தோலுறையினுள் இறகுகளை இறுக அடைத்துத் தைத்தது. கைதேர்ந்தவராலும் நாளொன்றுக்குச் சிலவே செய்ய இயலும், விலையும் அதிகம். 1848 அளவில், மலாயாக் காட்டு மரமொன்றின் பாலிலிருந்து பெறும் கட்டாபேர்ச்சாவினால் மலிவான பந்து வந்தது. (கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிருந்ததும் அதுவே. மலாயா பென்சன் வாங்கிய குடும்பத்தினர்க்கு இது சுவையான செய்தி!) இறகுப் பந்தே பிழைப்பென்றிருந்த றொபேட்சன், மொறிஸ் புதுப்பந்தால் ஆடியதை அறிந்து சினந்தார். இருவரும் பிரிந்தனர்.

1851 இல் பிறெஸ்ற்விக் சென்ற மொறிஸ், அங்கே பன்னிரு குழிகள் கொண்ட திடலை வகுத்தார். ஓப்பின் சுற்றுப் போட்டி 1860 இல் அத்திடலிலேயே தொடங்கிற்று. 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் அவரே வாகை சூடினார். கடைசி வெற்றியின்போது வயது 46. அவரிலும் மூத்தவர் எவரும் இன்றுவரை அப்போட்டியில் வென்றதில்லை.

மகன் இளைய ரொம் தந்தையையும் விஞ்சினார். 1868 முதல் தொடர்ந்து மூன்று முறையும், 1872 இல் மறுமுறையும் வென்றார். 1875 செப்டெம்பரில் இருவரும் நோர்த் பேர்விக்கில் ஆடிக்கொண்டிருக்கையில், மகனின் மனைவி பிரசவ வேதனையில் அபாய நிலையிலிருப்பதாகத் தந்தி வந்தது. படகேறி விரைந்தனர். கரை சேருமுன் தாயும் சேயும் மாண்டிருந்தனர். அவ்வாண்டு நத்தார் தினத்தன்று மகனும் காலமானார், வயது இருபத்துநான்கே.

தந்தையோ வேலையை விடவில்லை. 1903 வரை சென் அன்றூஸ் திடலின் காவலராயிருந்தார். இடையே பல ஊர்களுக்கும் அழைக்கப்பட்டுத் திடல் வகுத்தார், மியூர்பீல்ட் அவற்றுளொன்று. மண்ணைப் புரட்டும் இயந்திரங்கள் அன்றில்லை. மேடும் பள்ளமும் இயற்கை தந்தவாறே அமைந்தன. புல் செழிக்க மணல் தூவுவது அவர் கைக்கொண்ட முறை. ஞாயிற்றுக்கிழமையில் எவரையும் ஆடவிடார். ஆடுவோர்க்கு ஓய்வு வேண்டாவிடினும் புல்லுக்கு வேண்டுமென்பது அவர் கட்சி. 1908 இல் அவர் மறைந்தார். பெரும் போட்டி நாட்கள் போன்ற சில தவிர, ஞாயிறுகளில் அப்பழைய திடலில் ஆட்டம் இன்றும் இல்லை.