முடியின் கதை – 14: வேர் கொடுப்பதும் நுனி இழப்பதும்

சென்ற வாரம் மேடம் சி.ஜே. வாக்கரோடு நிறுத்தியிருந்தோம். 1867இல் லூசியானாவில் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்து, தன் தலையிலேயே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைப் பார்த்த பெண். அவர் விற்ற களிம்புக்கு ‘வொண்டர்ஃபுல் ஹேர் குரோவர்’ என்று பெயர். அந்த டப்பாவை வாங்கிய கறுப்பினப் பெண்களின் ஏக்கம் நூறு ஆண்டுகள் கழித்தும் தீரவில்லை. ‘நம்ம முடி வளராது, நம்ம ரத்தம் அப்படி’ என்று பாட்டி சொல்கிறாள், அம்மா சொல்கிறாள், பேத்தியும் நம்பிவிடுகிறாள்.

இந்த நம்பிக்கை பொய் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்கிக்கொள்ளும் பெண், ஆறு வாரத்திலோ எட்டு வாரத்திலோ மறுபடியும் பார்லருக்குப் போயாக வேண்டும். அடியில் புது முடி சுருண்டு எழும்பிவிடுகிறது, அதற்குத்தான் ‘டச்சப்’. வளராத முடிக்கு டச்சப் எதற்கு? மாதாமாதம் வேரில் வளர்ச்சியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தன் முடி வளராது என்று ஒருத்தி நம்புகிறாள் என்றால், அவளை அப்படி நம்ப வைத்தவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அதுவும் உண்மையாகாது. ஒரு முடி எவ்வளவு நீளம் போகும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: வளரும் வேகம், உதிர்வதற்கு முன் அது எத்தனை ஆண்டு வளர்கிறது என்பது. இரண்டுமே பெரும்பாலும் மரபணுவின் கையில். ‘போதும், நிறுத்து’ என்று மயிர்க்காலுக்குச் சொல்கிற எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு பழுதானவர்களுக்கு இமை முடி அசாதாரண நீளத்துக்கு வளர்வதை 2014இல் கண்டறிந்தார்கள். வேகத்தைப் பொறுத்தவரை, 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர் லூசுவார்ன் வெளியிட்ட அளவீடு முக்கியமானது. ஆப்பிரிக்கர்களின் முடி நாளொன்றுக்குச் சராசரியாக 0.26 மி.மீ. வளர்ந்தது, வெள்ளையர்களின் முடி 0.40 மி.மீ. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 9 செ.மீ.யும் 14 செ.மீ.யும்.

வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் ஆண்டுக்கு 9 செ.மீ. என்றால் ஐந்து ஆண்டில் 45 செ.மீ. இழுத்துப் பிடித்தால் தோளைத் தாண்டி முதுகில் இறங்கும் நீளம் அது. அப்படியானால் அது எங்கே போகிறது?

நுனியில் போகிறது. தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவர் நொன்லன்லா குமாலோவும் அவரோடு பணியாற்றியவர்களும் 2000இல் ஆப்பிரிக்க முடிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றின் நுனி முறிந்திருந்தது. ஒரே முடி தன்னைத்தானே சுற்றி இறுகிய முடிச்சுகள் இருந்தன. மற்ற இனத்தாரின் முடிகளில் இவ்வளவு இல்லை. புரதத்திலேயே குறையா என்று அடுத்து ஆராய்ந்து, 2005இல் இல்லை என்றார்கள். அடர்சுருள் முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம். அது வளைந்து திரும்பும் ஒவ்வோர் இடமும் முறியக்கூடிய இடம். தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அப்படிக் காய்ந்து கிடக்கும் முடியில் நெருக்கமான பல் வைத்த சீப்பை உச்சியிலிருந்து கீழே இழுத்தால், சீப்போடு துண்டு துண்டாக வரும். வருடத்துக்கு 9 செ.மீ. வளர்ந்து 9 செ.மீ. முறிந்தால், பார்ப்பவருக்கு அது வளராத முடி. வேகம் குறைவு என்பதாலேயே இவர்களுக்கு ஒவ்வொரு செ.மீ. இழப்பும் மற்றவர்களைவிடக் கனமானது.

சாட் நாட்டின் பசாரா பெண்களுக்கு இது தெரிந்திருக்கிறது. இடுப்பைத் தாண்டிய பின்னல்களுக்குப் பெயர்போனவர்கள். குரோட்டன் வகைச் செடியின் விதை, மஹ்லப் என்னும் செர்ரிக் கொட்டையின் பருப்பு, கிராம்பு எல்லாவற்றையும் வறுத்து இடித்த ‘செபே’ பொடியை எண்ணெயில் குழைக்கிறார்கள். முடியை முதலில் ஈரமாக்கிக்கொண்டு, பிரித்தெடுத்த கற்றையில் நுனிவரை அப்பி, அப்படியே தடித்த பின்னலாகப் போட்டுவிடுகிறார்கள். அலசுவதில்லை, சில நாள் கழித்து அதன் மேலேயே மறுபடியும் பூச்சு. ஒன்றைக் கவனியுங்கள்: உச்சந்தலையில் அவர்கள் பொடி படவிடுவதில்லை. மயிர்க்காலைத் தொடாத பொருள் முடியை எப்படி வளர்க்கும்? அது வளர்க்கவில்லை. ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது, உராய்வைக் குறைக்கிறது, சீப்பைக் கிட்டே வரவிடாமல் செய்கிறது. பசாரா பெண்களின் பரம்பரைக்கும் இதில் பங்கிருக்கலாம். ஆனால் இந்தப் பொடியை இன்று ‘முடி வளர்க்கும் ஆப்பிரிக்க ரகசியம்’ என்று விற்கிறவர்கள், வாக்கர் காலத்து டப்பாவைத்தான் புது லேபிளோடு விற்கிறார்கள்.

கையில் காசில்லாத பெண்ணும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, விரலாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுக்கலாம். இரவில் பருத்தித் தலையணை உரசாமல் சாட்டின் துணியால் தலையைக் கட்டிக்கொள்ளலாம். காஸ்டிக் சோடா சேர்ந்த ரிலாக்ஸரைத் தலையில் ஏற்றாமல் இருக்கலாம்.

பராமரிப்பு என்ற பெயரில் நடக்கும் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். முடியைக் காக்கத்தான் பின்னல் போடுகிறார்கள். ஆனால் கண் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிப் பின்னி, அதில் கூடுதல் முடியும் கோத்துவிட்டால், நெற்றியோரத்தில் மயிர்க்கால் பெயர்ந்துவிடும். குமாலோவின் குழு கேப் டவுனில் கணக்கெடுத்தபோது, பள்ளி மாணவிகளில் சுமார் 17 சதவீதத்தினருக்கும் வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ 32 சதவீதத்தினருக்கும் இப்படி இழுபட்டு உண்டான வழுக்கை இருந்தது. முறிந்த நுனி மறுபடி வளரும். பல ஆண்டுகள் இழுபட்டுத் தழும்பேறிய மயிர்க்கால் திரும்பாது. பின்னும்போது குழந்தை ‘வலிக்குது’ என்றால், அந்த இடத்திலேயே பின்னலைத் தளர்த்த வேண்டும்.

அப்படிக் கோக்கும் கூடுதல் முடியில் பிளாஸ்டிக் இழை உண்டு, மனித முடியும் உண்டு. மனித முடியில் கணிசமானது திருமலையிலும் நம் ஊர்க் கோயில்களிலும் வேண்டிக்கொண்டு இறக்கிய முடி. ஏலத்தில் அதை யார் எடுக்கிறார்கள், அட்லாண்டாவில் ஒரு பெண்ணின் தலைக்குப் போவதற்குள் விலை எப்படி ஏறுகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)