மழைக்கணக்கும் மனக்கலக்கமும்

காலநிலை மாறுவதால் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் என்ன நேருமோ என்று விடாமல் அரிக்கும் அச்சத்தைக் காலநிலைப் பதற்றம் என்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, சூழல் அழியப்போகிறது என்ற நாள்பட்ட பயமாக இதை விளக்கியது. மனநோய்ப் பட்டியல்களில் இதற்குத் தனி இடம் இல்லை, அது சரியும்கூட. உண்மையான ஆபத்தைக் கண்டு மனம் கலங்குவது கோளாறல்ல. அந்தக் கலக்கம் உறக்கத்தையும் பசியையும் வேலையையும் கெடுக்கத் தொடங்கும்போதுதான் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது.

இது படித்த இளைஞர்களின் கவலை என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2021 டிசம்பரில் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்த ஆய்வு அதற்கு ஒரு காரணம். 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டதில், 59 விழுக்காட்டினர் காலநிலை குறித்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்படுவதாகச் சொன்னவர்கள் 45 விழுக்காட்டுக்கும் மேல். இந்தியரில் மட்டும் அது 74. ஆனால் இந்தியாவில் பதில் சொன்னவர்கள் இணையமும் ஆங்கிலமும் வாய்த்தவர்கள். நாற்றங்காலில் நிற்பவரிடம் அந்தக் கேள்வித்தாள் போகவில்லை. அவருடைய பதற்றம் வேறு வகை.

அந்தப் பதற்றத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்க்கலாம். அங்கே அகஸ்தீஸ்வரம் வட்டத்திலுள்ள மயிலாடி கற்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். மழைக்காலத்தில் நாளிதழ்கள் வெளியிடும் குமரி மாவட்ட மழையளவுப் பட்டியலிலும் பேச்சிப்பாறை, பூதப்பாண்டி, கொட்டாரத்தோடு மயிலாடியின் பெயர் தவறாமல் இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. அதற்கேற்ப அதன் வயல் பகுதியான நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கும் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. ஜூன் 1 வாக்கில் அணை திறப்பு, சானலில் தண்ணீர், நடவு, ஆவணி புரட்டாசியில் அறுப்பு, ஐப்பசி மழையில் அடுத்த பயிர் என்று ஒரு வரிசை. அந்த வரிசையை நம்பித்தான் வித்தும் வாங்கப்படுகிறது, கடனும் வாங்கப்படுகிறது, கல்யாணத் தேதியும் குறிக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவம் பிந்தினால் கடைவரம்பு வயல் காய்கிறது. அறுப்பு நேரத்தில் அடைமழை பிடித்தால் நெல் களத்திலேயே முளைக்கிறது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் குளங்கள் உடைந்து வயல்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் அருகிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஓர் ஆண்டின் பெரும்பங்கு மழையை ஒரு நாளில் பார்த்துவிட்ட வட்டாரத்தில், வானம் கறுத்தால் வரும் மகிழ்ச்சி பழையபடி இருப்பதில்லை.

கரையோரத்தில் இந்தப் பதற்றம் இன்னும் கூர்மையானது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி, குமரிக்கடலில் மிக விரைவாகப் புயலாக வலுத்தது. எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடல் விசைப்படகுகள் கரையைவிட்டு வெகுதூரம் போயிருந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத மரணத்தில் துக்கம் முடிவதில்லை. அழுது தீர்க்கவும் முடியாது, நம்பிக் காத்திருக்கவும் முடியாது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கியிருக்கிறார். அந்த வீடுகளில் ஒவ்வொரு காற்றழுத்தத் தாழ்வு அறிவிப்பும் பழைய இரவைத் திருப்பிக் கொண்டுவருகிறது. 2004 ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. ஆழிப்பேரலைக்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை. ஆனால் பயந்த மனம் காரணம் பார்த்துப் பிரிப்பதில்லை.

சேதமில்லாத ஆண்டிலும் ஒரு துயரம் உண்டு. பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு, அந்த ஊர் கண்முன் மாறிப்போவதால் வரும் ஏக்கம் அது. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் சிதைவதைப் பார்த்த மக்களிடம் இதைக் கண்ட சூழல் சிந்தனையாளர் கிளென் ஆல்பிரெக்ட், சோலஸ்டால்ஜியா என்று பெயரிட்டார். மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை விவசாயிகளிடமும் கனடாவின் இனுயிட் மக்களிடமும் ஆய்வு செய்த நெவில் எல்லிஸும் ஆஷ்லி குன்சோலோவும் 2018இல் இதைச் சூழல்துயரம் என்றே எழுதினார்கள். நாஞ்சில் நாட்டில் வயல் வீட்டுமனையாக மாறுவது காலநிலையால் மட்டும் நடப்பதல்ல. ஆனாலும் நம்ப முடியாத மழை, விற்க நினைப்பவரின் மனத்தைச் சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருகிறது.

மருத்துவரிடம் யாரும் காலநிலைப் பதற்றம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, இராவில் உறக்கமில்லை, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் வருகிறார்கள். சிலர் சொல்லாமலே குடியில் இறங்குகிறார்கள். பரிசோதனையில் இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் மாத்திரையோடு அனுப்பிவிடுவது எளிது. அறுப்பு எப்படி, கடன் எவ்வளவு என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் நோயின் பாதி விளங்கிவிடும்.

வெப்பம் நேரடியாகவும் மூளையைத் தாக்குகிறது. இரவிலும் சூடு தணியாவிட்டால் உறக்கம் கலைகிறது. உறக்கம் கெட்டால் எரிச்சலும் சோர்வும் கூடுகின்றன. மயிலாடியில் கல்தூசியும் வெயிலுமாக நாள் முழுக்க உளி பிடிப்பவர்களுக்கு இது வேலை நேரத்துச் சிக்கல். மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையையும் தாக உணர்வையும் குறைக்கக்கூடியவை. லித்தியம் உண்பவருக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 கோடையில் வெப்ப அலைக்கு 619 பேர் பலியானார்கள்; மனச்சிதைவு நோயுள்ளோர் அவர்களில் விகிதத்துக்கு மிஞ்சி இருந்தார்கள். கோடை தொடங்கும்போது இந்த மருந்துகளை உண்பவர்கள் மருத்துவரிடம் அளவு குறித்துக் கேட்டுக்கொள்வது அவசியம். தாமாக நிறுத்துவது ஆபத்து.

இதற்கெல்லாம் ஆலோசனை மட்டும் போதாது. ஒக்கிக்குப் பின் நாவிக் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன. கடலில் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும் என்ற உறுதி, கரையில் காத்திருப்பவருக்கு எந்தத் தூக்கமாத்திரையும் தராத நிம்மதி. பயிர்க்காப்பீட்டுத் தொகை உரிய காலத்தில் கிடைப்பதும் அதே வகை மருந்து. ஆனால் அரசுத் திட்டங்களில் மனநலம் பின்வரிசையில்தான் இருக்கிறது: 2022இல் உலக சுகாதார நிறுவனம் சுட்டிய கணக்கெடுப்பில், 95 நாடுகளில் 9 மட்டுமே தம் காலநிலை, சுகாதாரத் திட்டங்களில் மனநல உதவியைச் சேர்த்திருந்தன. தனியாளுக்கு உடனடி உதவி, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உறக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, அடுத்த மழைக்குக் காத்திராமல் பேசிவிட வேண்டும்.