திருபுவனம் தறியும் சீனப் பட்டும்

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் பட்டுச்சேலை நெய்பவர்களுக்குக் கச்சாப்பட்டின் விலைதான் முதல் கவலை. 2011 மத்திய பட்ஜெட் அதன் இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. சீனப் பட்டுக்குக் கதவு அகலத் திறந்தது. நூலை விலைகொடுத்து வாங்கும் நெசவுத் தொழிலுக்கு அது நல்ல சேதி.

கர்நாடகத்திலோ பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்த்த விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

வளரும் நாடுகளில் தாராளமயத்தின் சிக்கல் இதுதான்: ஒரே சேலைக்காக உழைக்கும் இருவரில் ஒருவருக்கு ஆதாயம், மற்றவருக்கு நஷ்டம். நாட்டின் மொத்தக் கணக்கில் இந்த நஷ்டம் தெரிவதில்லை. பாதிக்கப்படுபவருக்கு ஈடு செய்யாமல் வரியை ஒரேயடியாக வெட்டியது அநியாயம்.

2013 பட்ஜெட்டில் வரி மீண்டும் 15 சதவீதமானது.