குஞ்சின் வயிற்றில் ஒரு கட்டுச்சோறு

பொரிந்து ஒரு வாரம்கூட ஆகாத கோழிக்குஞ்சுகள் சில ஏன் திடீரென்று சோர்ந்து செத்துப்போகின்றன? மும்பையில், தாராவியிலோ செம்பூரிலோ குஞ்சு வளர்க்கும் வீட்டில் நீ இதைக் கேட்டிருந்தால், உனக்கு ஒரு சபாஷ்!

முட்டைக்குள் குஞ்சு 21 நாள் வளர்கிறது. அதற்குச் சாப்பாடு மஞ்சள் கரு. அதில் சத்து மட்டுமா இருக்கிறது? இல்லை. தாய்க்கோழி தன் உடம்பில் உண்டான நோய் எதிர்ப்புப் புரதங்களையும் அதில் சேர்த்து வைக்கிறது. தாதரில் திருநெல்வேலி ரயில் ஏறும்போது அம்மா கட்டித் தருகிற கட்டுச்சோறு மாதிரி!

பொரிவதற்குச் சற்று முன்பு, மிச்சமுள்ள மஞ்சள் கரு பையோடு தொப்புள் வழியாகக் குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு தொப்புள் மூடிக்கொள்ளும். பொரிந்த பின்பும் சில நாள் குஞ்சு அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இதுவரை புரிந்ததா? சரி, மேலே போவோம்.

முட்டை ஓட்டில் எச்சம் ஒட்டியிருக்கலாம். பொரிக்கும் பெட்டி அழுக்காக இருக்கலாம். அப்போது ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள், சரியாக மூடாத தொப்புள் வழியே நுழைந்துவிடும். மஞ்சள் கரு அவற்றுக்கும் நல்ல தீனி. கரு கெட்டுவிடும், வயிறு வீங்கும். குஞ்சுக்குச் சாப்பாடும் போச்சு, அம்மா தந்த பாதுகாப்பும் போச்சு!

எதிர்ப்புப் புரதத்தைக் குஞ்சே தயாரிக்காதா? தயாரிக்கும். ஆனால் நன்றாகத் தயாரிக்கச் சில வாரங்கள் வேண்டும். அதற்கு உதவுவது, வால் பக்கம் இருக்கும் பர்சா என்ற சின்னப் பை.

இதன் வேலை வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், சில குஞ்சுகளின் பர்சாவை நீக்கிப் பார்த்தார். அந்தக் கோழிகளை அவர் நண்பர் திமோதி சாங், வகுப்பில் செய்துகாட்ட வாங்கிப்போனார். சால்மொனெல்லா பாக்டீரியாவை ஊசியால் செலுத்தினார். எதிர்ப்புப் புரதம் உருவாகவே இல்லை! பர்சாவின் வேலை இப்படித்தான் பிடிபட்டது. 1956-இல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள்.

சரி, பர்சா தன் வேலையை நன்றாகச் செய்யும்வரை குஞ்சை எப்படிக் காப்பாற்றுவது? மாட்டுங்காவில் ரயில் ஏறினால், தாதருக்கு அடுத்தது பரேல். அங்கே 1886 முதல் மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குஞ்சுகளைக் காப்பாற்ற இப்படிப்பட்ட கல்லூரிகளில் சொல்லித்தரும் வழிகள் எளியவை: சுத்தமான முட்டை, சுத்தமான பெட்டி, போதுமான கதகதப்பு. நீ செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு. சால்மொனெல்லா நமக்கும் வரும்!

இன்னொரு வழி, முட்டையிடும் முன்பே தாய்க்கோழிக்குத் தடுப்பூசி போடுவது. ஊசி தாய்க்கு, பயன் குஞ்சுக்கு. அது எப்படி என்று உன் நண்பனுக்கு நீயே விளக்கிச் சொல், பார்க்கலாம்!