அணையின் உரிமையாளர் தவறினால் அங்கீகாரத்தைப் பறிக்கலாமா?

விழுப்புரம் அருகே தளவானூரில், தென்பெண்ணையின் குறுக்கே 25.35 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை, திறந்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் உடைந்தது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் அணை மேலும் சிதைந்தது. பராமரிக்கத் தவறும் உரிமையாளரிடமிருந்து அணை நடத்தும் தகுதியைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழி உண்டா?

யாருக்கு அங்கீகாரம்?

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அது அங்கீகாரம் கேட்பது உரிமையாளரிடம் அல்ல. அணையை ஆய்வு செய்து, வடிவமைத்து, கட்டும் நிறுவனங்களிடம்தான். விதிமீறும் நிறுவனத்தைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமோ மாநில அணைப் பாதுகாப்பு அமைப்போ தகுதிநீக்கம் செய்யலாம். உரிமையாளருக்கு அங்கீகாரமே இல்லாததால் பறிக்கவும் ஒன்றுமில்லை.

உரிமையாளரின் கடமை என்ன?

தமிழ்நாட்டுப் பெரிய அணைகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் மாநில அரசுதான். தனிப் பாதுகாப்புப் பிரிவு அமைப்பது, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது, அவசரகாலச் செயல்திட்டம் வகுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. சட்டப்படியான உத்தரவைத் தகுந்த காரணமின்றி மீறினால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் ஈராண்டு வரை சிறை. அரசுத் துறை தவறினால் துறைத் தலைவரே பொறுப்பு.

ஆனால், இந்தக் குற்றத்துக்காக ஊர்க்காரர் ஒருவர் நேரே நீதிமன்றம் போக முடியாது. மத்திய, மாநில அரசுகளோ இந்தச் சட்டப்படி அமைந்த குழுக்களோ அமைப்புகளோ புகார் தந்தால்தான் வழக்கு. அணையும் அரசுடையது, அதைக் கண்காணிக்கும் மாநில அமைப்பும் அரசுடையது.

எந்த அணைகளுக்குப் பொருந்தும்?

15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் உயரத்தில் கொள்ளளவு, கரை நீளம் போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்கு உட்படும் அணைகளுக்கும் மட்டுமே. தென்பெண்ணையில் 119 அடி நீர் தேங்கும் சாத்தனூர் அணை இதற்குள் வரும். 2024 டிசம்பர் 2 அன்று அங்கிருந்து திறந்த நீர் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடியை எட்டியபோது விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. தளவானூர் தடுப்பணை இந்தச் சட்ட வரம்புக்குள் வராது. வானூர் வட்டத்து இரும்பை ஏரி போன்ற ஆயிரக்கணக்கான ஏரிகளின் கரைகளும் 10 மீட்டர் உயரத்தை எட்டுவதில்லை. ஆனால் கரை உடைந்தால் முதலில் அழிவது ஏரிக்குக் கீழேயுள்ள வயலும் வீடும்தான்.

பிற நாடுகளில்?

இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டு நீர்த்தேக்கச் சட்டம் உயரத்தைவிடக் கொள்ளளவுக்கு முதன்மை தருகிறது. சுற்றுநிலத்தை விட மேலே 25,000 கன மீட்டர் நீர் தேக்கினாலே அது சட்டத்துக்குள் வந்துவிடும். வேல்ஸில் அந்த வரம்பு 10,000. அங்கும் அங்கீகாரம் உரிமையாளருக்கு அல்ல, பொறியாளருக்குத்தான். அரசின் பட்டியலில் உள்ள பொறியாளர்களை வைத்தே உரிமையாளர் ஆய்வு நடத்த வேண்டும்.

என்ன செய்யலாம்?

அரசின் அணையை அரசிடமிருந்து பறித்து வேறொருவரிடம் தருவது நடைமுறைக்கு ஒவ்வாது. கண்காணிப்பவர் உரிமையாளரின் ஆளாக இல்லாதிருப்பதே முக்கியம். கொள்ளளவை அளவுகோலாகக் கொண்டு ஏரிகளையும் தடுப்பணைகளையும் தமிழ்நாடு தன் சொந்தச் சட்டம் ஒன்றின் கீழ்க் கொண்டுவர வேண்டும். துறைக்கு வெளியிலிருந்து வரும் பொறியாளர் கரை, மதகு, கலிங்கல் மூன்றையும் பார்த்து எழுதும் அறிக்கை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கடைசி ஆய்வு எப்போது நடந்தது, என்ன குறை கண்டார்கள் என்று நீர்வளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிராம சபையில் தீர்மானமும் போடலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.