பம்பாயில் குடியிருப்பும் மனை உரிமையும்

பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்த தமிழ் மக்கள் இருவகை நிலங்களில் கால் ஊன்றினர். ஒன்று, திட்டமிட்டு அமைக்கப்பெற்ற மாதுங்கா. மற்றொன்று, அதன் அண்மையிலேயே திட்டமின்றி எழுந்த தாராவி. இவ்விரண்டும் எவ்வாறு வேறுபட்டன என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. மக்கள் நெருக்கமே நோய்க்குத் துணையாயிற்று என்று கண்ட அரசினர், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட்டை நிறுவினர். அது தாதர், மாதுங்காப் பகுதிகளில் முதலில் சாலையும் சாக்கடையும் அமைத்தது. பின்னரே வீடுகள் எழுந்தன. மாதச் சம்பளம் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின.

தாராவியிலோ இம்முறை தலைகீழாயிற்று. கோலி மீனவர் ஊரை அடுத்திருந்த சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கியோர், அங்குக் குடிசை போட்டவர்களே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பலர் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். குழாயும் சாக்கடையும் நெடுங்காலம் கழித்தே வந்தன. மண்ணை மனையாக்கியது மக்களின் உழைப்பு. ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்கே உரியது.

மனைக்கு உரிமை இல்லாவிடில் நேர்வது யாது என்பதைச் செம்பூரை அடுத்த டிராம்பேயின் ஜனதா காலனி காட்டிற்று. 1976-இல் அது அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அதனை எதிர்த்துப் போராடிய தமிழர் ஜோக்கின் அற்புதம் 2000-இல் மகசேசே விருது பெற்றார். அதே 1976-இல் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை வழங்கிற்று. அது முதற்கொண்டு, எந்நாளில் குடியேறினோம் என்னும் சான்றே குடிசைவாசிக்குக் காப்பாயிற்று.

2023-இல் அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்ட தாராவிச் சீரமைப்புத் திட்டமும் தேதியையே அளவுகோலாகக் கொள்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீட்டினருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னர் வந்தோருக்கும் மாடியில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே இடம். கீழே தந்தையும் மேலே மகனும் வாழும் வீட்டில், ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிய நேரலாம்.

ஆதலின், பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், புகைப்பட அட்டை ஆகியவற்றைப் பத்திரமாகப் போற்றுதல் வேண்டும். அரசினரும், சதுப்பைத் தூர்த்து ஊராக்கியோரின் உழைப்பை வெறும் தேதியால் மட்டும் அளவிடாதிருத்தல் வேண்டும்.