திருகுமரைக் குழாய் இணைப்பிகள்

திருகுமரைக் குழாய் இணைப்பிகள் என்பவை எஃகுக் குழாய்களைப் பற்றவைக்காமல் திருகி இணைக்கும் உறுப்புகள் ஆகும். பொங்கலூர், திருப்பூர் வட்டாரத்துச் சாய ஆலைகளில் நீராவியும் அழுத்தக் காற்றும் செல்லும் சிறு குழாய்களில் இவற்றைக் காணலாம். திசை திருப்ப எல்போ, கிளை பிரிக்க டீ, அளவு குறைக்க ரெடியூசர் பயன்படுகின்றன. யூனியன் இருந்தால் குழாயைச் சுழற்றாமலே கழற்றலாம்.

கசிவைத் தடுப்பது மரையின் சரிவு. 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறைவதால் குழாய் ஆப்பு போல இறுகுகிறது. எஞ்சும் நுண்ணிய இடைவெளியை டெஃப்லான் நாடா அடைக்கும்.

இந்தியாவில் ஐ.எஸ். 554 தரப்படி மரையின் கோணம் 55 பாகை. இது 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த கோணம். அமெரிக்க என்.பி.டி. மரைக்கு 60 பாகை. அரை அங்குல அளவில் (பெயர்தான் அரை அங்குலம்; குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21.3 மி.மீ.) இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைகள். ஆகவே ஒன்றில் மற்றொன்று ஏறும், இறுகியதுபோலவும் தோன்றும், ஆனால் கசியும். ஒரு அங்குல அளவில் 11, 11.5 என வேறுபடுவதால் சில சுற்றுகளிலேயே முட்டி நின்றுவிடும். சிறிய அளவுதான் ஏமாற்றுகிறது.

நாடாவைக் கூடுதலாகச் சுற்றுவது இதற்குத் தீர்வன்று. 7 பார் அழுத்த நீராவியின் வெப்பம் சுமார் 170 பாகை செல்சியசு. கசியும் இடத்தை ஒட்டி அது கண்ணுக்குத் தெரியாது. தள்ளித் தெரியும் வெண்புகை குளிர்ந்த நீர்த்துளிகளே. எனவே கசிவைக் கைவைத்துத் தேடக்கூடாது. வெளிநாட்டு இயந்திரத்தில் குழாயைப் பொருத்துமுன் மரை அளவியால் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும்.